இரும்புக் கட்டிகளுக்குக் காட்டிய கடல்

மார்ச் 9

சகலைக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்று உன் மனைவி தன் அக்காவிடம் தினமும் ஒரு மணி நேரம் ஃபோனில் சொல்வதால் தனியாக விசாரிக்கவில்லை.

உன்னிடம் இனி பேசுவதில்லை என்று உன் பையன்களின் பிறந்தநாளன்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அக்காவும் தங்கையும் கூடி, பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் கடலோரமாகப் பயணம் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். திட்டம் போடும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள். "பேச வேண்டாம்னா எழுதித் தொலைங்க. இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பஸ்ல கிளம்பிடுவோம்" என்கிறாள் என் மனைவி. சொன்னால் செய்கிற ஆள். எனவே எழுதுகிறேன்.

வண்டி, உன் பள்ளி வேன். வழி, உள்ளே போகும் நெடுஞ்சாலை. கடலோர ரோட்டில் நடுவில் வெகுதூரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. நெடுஞ்சாலையில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவிட்டேன். நிறுத்துவதெல்லாம் அவற்றுக்குப் பக்கத்தில்தான். போன வருடம் எங்கள் பெண் பட்டாணிக்கு வலிப்பு வர ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் இப்படித்தான் எங்கேயும் போகிறோம். உண்மையைச் சொன்னால், எங்கேயும் போவதில்லை. கடைசி நாள் ஒரு மணி நேரம் கடற்கரை. தண்ணீரில் இறங்குவது கிடையாது.

யோசனை இருந்தால் எழுது. வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு,
சகலை


மார்ச் 13

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

வேடிக்கை வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். உப்பு போடாமல் சமைக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

உங்கள் திட்டத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் இரட்டையரில் முதலில் பிறந்தவன் இடி, இரண்டாமவன் மின்னல் என்பது உங்களுக்குத் தெரியும். முழுவதையும் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "இதுல கடல் எப்ப வரும்?" என்றான் இடி. நாலு வயதுப் பிள்ளைக்கே கண்ணில் பட்டுவிட்டது. கடலோரப் பயணம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனால் அதற்குப் பயணம் என்று பெயரா, மருந்து விற்கிறவர்களின் ரவுண்டு என்று பெயரா?

வேடிக்கை வந்துவிட்டது, மன்னியுங்கள்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் சொல்கிறேன். "அவசரமா வருது" என்று பிள்ளை சொன்ன பிறகு வேனை நிறுத்தினால் தாமதம். முகம் பார்த்து முன்னாடியே நிறுத்த வேண்டும். வாந்தி எடுக்கிற பிள்ளை முன்சீட்டில். சண்டைக்காரர்கள் நடுவில் ஒரு சாதுவைப் போட வேண்டும். கிளம்பும்போது வயிறு முட்டச் சாப்பாடு கூடாது, காய்ந்த ரொட்டியும் பிஸ்கட்டும் போதும். மாற்றுத் துணி கைக்கு எட்டுகிற பையில் இருக்க வேண்டும், வேன் கூரைமேல் அல்ல. எல்லாவற்றையும் விட, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் என்ன இருக்கிறது? லாரியின் பின்பக்கம்.

லிஃப்ட் வேலை பார்க்கிற உங்களிடமே, பிறந்தநாளன்று "பிள்ளையை லிஃப்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க" என்று சொன்னேன். கேக்கைச் சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது சொன்னது தப்பு. சொன்ன விஷயமும் தப்பா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கிப் போட்டால் பட்டாணி எனக்கு அனுப்பிய படமும் வீணாகிவிடும், அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். என் வேனை அவள் பச்சை நிறத்தில் வரைந்திருக்கிறாள். வேன் மஞ்சள். ஏன் பச்சை என்று ஃபோனில் கேட்டால், "கடலுக்குப் போறப்ப மாறிடும் சித்தப்பா" என்கிறாள்.

கடலோர ரோட்டிலேயே போகலாம். யோசியுங்கள்.

உங்கள்
சகலை


மார்ச் 17

சகலைக்கு,

கசக்கினேன். பிறகு என் மனைவி நீவி எடுத்து வைத்தாள். படம் சுவரில் இருக்கிறது.

நீ பட்டாணிக்கு வலிப்பு வந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காதவன் பேசுவது சுலபம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று அவள் ஷூவுக்கு லேஸ் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு நுனியையும் பிடித்து, "இதுக்குள்ள இது போகணும், இல்லப்பா?" என்று கேட்டவள், லேஸைப் பிடித்த கையோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் இருபது வருடமாக இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டில் சிக்கியவர்களை வெளியே எடுக்கிறவன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று சொல்லுவேன். சொன்னபடி திறந்தும் விடுவேன். அன்று உள்ளே சிக்கிக்கொண்டவள் என் மகள். எந்தக் கதவு, எங்கே சாவி, ஒன்றும் தெரியவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் சில தடவை வந்துவிட்டது. டாக்டர் மருந்து மாற்றினார். இப்போது இடைவெளி கூடியிருக்கிறது. கூடியிருக்கிறது என்று சொல்லக்கூட எனக்குப் பயம்.

இருந்தாலும் நீ எழுதியதை யோசித்தேன். புது லிஃப்டில் நாங்கள் எடுத்ததும் ஆளை ஏற்ற மாட்டோம். எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை பேர் எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். பிரேக் பிடிக்கிறதா, கம்பி தாங்குகிறதா என்று தெரிந்த பிறகுதான் மனிதர்கள். கடலோர ரோட்டையும் அப்படிச் சோதிக்கப் போகிறேன். வரும் ஞாயிறு வேன் வேண்டும். இரும்பு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சகலை


மார்ச் 20

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இரும்பா!

மூன்று தடவை படித்தேன். என் மனைவியும் படித்தாள். "மாமா நெஜமாத்தான் எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். பாவம், அவளுக்கு அன்று முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு மட்டும் லேஸ் விஷயம் படித்த பிறகு சிரிப்பு சரியாக வரவில்லை.

வேனைச் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் தெருமுனையில் விட்டுவிட்டு, சாவியைப் பட்டாணியிடம் கொடுத்துவிடுகிறேன். பேச வேண்டிய அவசியம் வராது. மூன்றாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், செல்லமாகத் தள்ளுங்கள். பின்கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. ரோட்டைவிட்டு மணலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள், என் வேன் ஒட்டகம் இல்லை.

உங்கள்
சகலை


மார்ச் 23
கடலோரப் பெட்டிக்கடை

சகலைக்கு,

மணலில் இறங்கிவிட்டேன்.

இதை நீ இங்கே வந்து சேரும்போது கையில் கொடுக்கப் போகிறேன். ஃபோனில், "வா, வேன் மாட்டிக்கிச்சு" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. நீயும் சிரிக்காமல், "எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாய். அதற்கு நன்றி. வந்த பிறகு சிரித்துக்கொள்.

ரோடு நன்றாகவே இருக்கிறது. வளைவுகள் அகலம். பள்ளங்கள் பயந்த அளவுக்கு இல்லை. எல்லா சீட்டிலும் அவரவர் எடைக்கு இரும்பை வைத்து பெல்ட் போட்டிருந்தேன். கட்டிமேல் சாக்பீஸால் பெயர்கூட எழுதினேன், எந்த சீட்டில் யார் என்று மறந்துவிடக் கூடாதே. இடியும் மின்னலும் வழி முழுக்கச் சமர்த்தாக வந்தார்கள்.

இந்த இடத்தில் ரோடு ஒரு மேட்டின் மேல் ஏறும். ஏறியதும் கடல் மொத்தமாகக் கண்ணெதிரே வருகிறது. எதிர்பார்க்கவே இல்லை. என்னை அறியாமல் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "பட்டாணி, அங்க பாரு!" என்று கத்திவிட்டேன். பின்சீட்டில் அவள் எடைக்கு இரண்டு இரும்புக் கட்டி, பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த கையோடு ஸ்டியரிங் எங்கே போனதென்று தெரியவில்லை. வேன் மணலில் இறங்கி நின்றது.

பெட்டிக்கடைக்கார அம்மா வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுங்களை எங்கப்பா கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது, சகலை. அவளுக்குக் காட்ட வேண்டியதை இரும்புக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வரும்போது கயிறு கொண்டு வா.

சகலை


மார்ச் 26

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

நேரில் அன்று சிரிக்கவில்லை. இப்போது சிரித்துக்கொள்கிறேன். ஆட்கள் என்றால் இறங்கித் தள்ளியிருப்பார்கள். இரும்பு இறங்கித் தள்ளுமா? நீங்கள் கட்டி கட்டியாகச் சுமந்து வெளியே வைத்ததும், ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப ஏற்றியதும், என் பெயர் எழுதிய கட்டியை மட்டும் "இது கொஞ்சம் அதிகம் போட்டுட்டேன்" என்று சொன்னதும் என் ஆயுசுக்குப் போதும்.

கயிறு கட்டும்போது நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அதனால் இனி எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஃபோனில் உங்களிடம் பேசினால் நான் உடனே வாயை விட்டுவிடுவேன். காகிதத்தில் கை கொஞ்சம் மெதுவாகப் போகிறது, வாய்க்கு நல்லது.

கடலோர ரோடுதான் என்று முடிவானதில் இங்கே கொண்டாட்டம். இடி இப்போதே நீச்சல் உடையோடுதான் தூங்குகிறான்.

உங்கள்
சகலை


ஏப்ரல் 2

சகலைக்கு,

பயணம் வேண்டாம்.

நேற்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவளுக்கு வந்துவிட்டது. சீக்கிரம் தெளிந்துவிட்டாள், இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் என்னால் முடியாது. நீங்கள் போய் வாருங்கள். பிள்ளைகளின் விடுமுறையைக் கெடுக்க வேண்டாம்.

சகலை


ஏப்ரல் 5

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

வேண்டாம் என்றால் வேண்டாம். நாங்களும் போகவில்லை. இதில் வற்புறுத்தல் எதுவும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் எழுதப்போவதை வற்புறுத்தல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று எழுதினீர்களே, அது இரண்டு வாரமாகக் குத்திக்கொண்டே இருந்தது. உண்மை. வாய் கிழியப் பேசினேனே தவிர, என் வேனில் அது வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அதனால் பள்ளி நர்ஸிடம் போய் நின்றேன். சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கழுத்துப் பட்டனைத் தளர்த்த வேண்டும், கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து என்னையே தரையில் போட்டுப் பழகினோம். என்னை ஒருக்களிக்க வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மின்னல் என் தலைக்குக் கீழே தன் தலையணையைத் திணித்துவிட்டு, "எழுந்ததும் திருப்பிக் குடுத்துடணும்" என்று கண்டிப்பாகச் சொன்னான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன். நேற்று பட்டாணி ஃபோனில் என்னைக் கூப்பிட்டாள். தாழ்ந்த குரலில், "சித்தப்பா, என்னாலதான் யாரும் போகலையா?" என்றாள். "இல்லடா கண்ணு, வேன் ரிப்பேர்" என்றேன். பிறகு, "அப்பாவும் வேன் ரிப்பேர்னுதான் சொன்னாங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உங்கள்
சகலை


ஏப்ரல் 9

சகலைக்கு,

கிளம்பலாம்.

டாக்டரிடம் போனேன். அவர் சொன்னது போன வருடம் சொன்ன அதே பேச்சு. தூக்கம் கெடக் கூடாது, மருந்து தவறக் கூடாது, தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், மற்றபடி எல்லாப் பிள்ளையையும் போல இருக்கட்டும். போன வருடமும் "இருக்கட்டும்" என்று சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேனே என்றார். என் மனைவியும் சொன்னார் என்கிறாள். எனக்கு "கூடாது" எல்லாம் கேட்டிருக்கிறது, "இருக்கட்டும்" மட்டும் கேட்கவில்லை.

கடலோர ரோடு. முதல் இரண்டு நாள் நீ ஓட்டு. மூன்றாம் நாள் நான். அந்த முரண்டு பிடிக்கிற கியரைச் சரி செய்து வை.

வேன் ரிப்பேர் ஆகிவிட்டது என்று பட்டாணியிடம் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சகலை


மே 3

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

வேனைக் கழுவ ஆரம்பித்து இது மூன்றாவது நாள். சீட்டுக்கு அடியில் பாதி கடற்கரை இருக்கிறது. பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் வாளியோடு ஏறினால்கூடத் தப்பில்லை. கிளிஞ்சல், ஒற்றைச் செருப்பு, பாதி தின்ற பிஸ்கட், எங்கள் வீட்டுப் பல்துலக்கி ஒன்று, உங்கள் வீட்டுத் துண்டு ஒன்று கிடைத்தன. துண்டு மட்டும் திரும்பி வரும்.

இடியும் மின்னலும் வீட்டில் யாரிடமும் ஒழுங்காகப் பேசுவதில்லை. பட்டாணி எப்போது வருவாள் என்பது ஒன்றுதான் பேச்சு. அவள் அலைக்குக் கட்டளை போட்டாளே, "நில்லு, நில்லு, சரி வா" என்று, அதை இப்போது இரண்டு பேரும் குழாய்க்குப் போடுகிறார்கள்.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஒரு கேள்வி எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேரில் கேட்க வாய் வரவில்லை.

மூன்றாம் நாள், அந்த ரோடு பிரிகிற இடத்தில் பட்டாணிக்கு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. பட்டனைத் தளர்த்தியதெல்லாம் நீங்கள்தான். அவள் சீட்டிலேயே சாய்ந்து தூங்கினாள். நீங்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்காவும் தங்கையும் இறங்கி நின்று டாக்டருக்கு ஃபோன் செய்தார்கள். நான் இடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போனேன். மின்னல் அவள் பக்கத்திலிருந்து அசையமாட்டேன் என்றுவிட்டான்.

திரும்பி வந்து ஏறும்போது எனக்குள் பயணம் முடிந்துவிட்டது. டாக்டர் பயமில்லை என்று சொன்னாலும், நீங்கள் வலது பக்கம் திருப்புவீர்கள், நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு போய்ச் சேருவோம் என்றுதான் நினைத்தேன். அதில் தப்பும் இல்லை. உங்களுக்கு ஆறுதலாக நாலு வார்த்தைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் இடது பக்கம் ஒடித்தீர்கள், கடல் பக்கம். ஏன் என்று நான் கேட்கவில்லை, எங்கே மனசு மாறிவிடுவீர்களோ என்று.

ஏன் திரும்பவில்லை?

உங்கள்
சகலை


மே 7

சகலைக்கு,

துண்டு வந்தது. செருப்பும் எங்களுடையதுதான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். என் மனைவியிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் தெளிந்து எழுந்ததும் பட்டாணி முதலில் பார்ப்பது என் முகத்தை. தனக்கு என்ன ஆனதென்று அவளுக்கு நினைவிருக்காது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதில் என்ன இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டு, "சாரிப்பா" என்பாள். ஆறு வயதுப் பிள்ளை, என்னிடம் மன்னிப்பு கேட்கும். "நீ ஏண்டா சாரி சொல்ற?" என்று கட்டிக்கொள்வேன். அடுத்த தடவையும் சொல்லுவாள். ஒரு வருடமாக இதுதான் நடக்கிறது.

அன்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ நினைத்தபடி, வலது பக்கம் திருப்புவதென்றுதான் முடிவு செய்திருந்தேன். கையும் கியருக்குப் போய்விட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். வழக்கம்போல என்னைத் தேடினாள். என் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. அதற்குள் உன் மின்னல் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "எழுந்துட்டியா? அப்ப தள்ளு. ஜன்னல் சீட் இப்ப என் டர்ன்" என்றான்.

பட்டாணி அவனையே பார்த்தாள். குரல் சரியாக எழும்பவில்லை, ஆனாலும் விடவில்லை. "நான் தூங்கிட்டிருந்தேன். தூங்குனதெல்லாம் கணக்குல வராது."

"தூங்குனாலும் ஜன்னல்லதான உட்கார்ந்திருந்த?"

"கண்ணு மூடியிருந்துச்சு. நான் ஒண்ணுமே பார்க்கல."

"அது உன் தப்பு."

"என் தப்பு இல்ல!" என்றாள். பாதி படுத்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "என் தப்பே இல்ல. அப்பா, நீங்க சொல்லுங்க."

சகலை, என்னைப் பார்த்துச் சாரி சொல்ல அன்று அவளுக்கு நேரமில்லை. நியாயம் கேட்க மட்டும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அவ தப்பு இல்ல. அவ டர்ன் இன்னும் முடியல" என்றேன்.

மின்னல் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தான். அவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு ஒட்ட வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அது இடதுபக்க ஜன்னல். வலது பக்கம் திருப்பியிருந்தால் அதில் தெரிவது வீட்டுக்குப் போகிற வழியில் லாரிகள் மட்டும்தான். அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் ஜன்னலில் கடலை இல்லாமல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. நீ தண்ணீரோடு ஏறினாய். ஒடித்தேன்.

சகலை